பேரிக்கா பூக்கிற வரைக்கும்

"தினமும் ஊட்டுறேன் தாயி. அப்பவும் சாகுது."

வந்து நின்னவரு ஆரோக்கியம். மேல்மலையில தனி வீடு. பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவரு. சம்சாரம் போயி ஒரு வருசம். மூணு தேனீப்பெட்டியில ரெண்டு காலி. மிச்சம் ஒண்ணே ஒண்ணு.

எதிர்ல, மலைக்குக் கீழ தேனீ வளக்குற பவுனுத்தாய். அவரு வயசுல பாதிதான். ஆனாலும் குரு அவதான், கையக் கட்டி நிக்கிறது இவருதான்.

"எப்படி ஊட்டுறீங்க பெரியப்பா?"

"விடிஞ்சதும் மூடியத் தெறப்பேன். சீனிப்பாகு ஊத்துவேன். 'கண்ணுங்களா, சாப்டீங்களா, நல்லாருக்கீங்களா'ம்பேன். மத்தியானம் ஒருக்கா. பொழுது சாய ஒருக்கா."

"பதில் வருதா?"

"ஙொய்னு ஒரு சத்தம் வரும்ல!"

"நாளைக்கு வீட்டுக்கு வர்றேன்"னா அவ.

மறுநாள் விடிஞ்சுச்சு. புல்லு மேல உறைபனி, உப்பக் கொட்டுனாப்ல. ஆரோக்கியம் ரெண்டு கம்பளிக்குள்ள சுருண்டு கெடந்தாரு.

கதவு படார்னு தெறந்துச்சு. கம்பளி பறந்துச்சு.

"கண்ணு, சாப்டீங்களா? நல்லாருக்கீங்களா?"

பவுனுத்தாய். குரல் மட்டும் அச்சு அசலா ஆரோக்கியம், அந்தக் கரகரப்பு மொதக்கொண்டு!

ஆறிப்போன காப்பிய அவரு கையில திணிச்சா. கதவத் தெறந்து போட்டுட்டுப் போயிட்டா.

நடுங்கிக்கிட்டே போத்துனாரு. லேசா சூடு ஏறுச்சு.

படார்.

"கண்ணு, சாப்டீங்களா?"

மூணாவது தடவ கம்பளிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு.

"எம்மா! காப்பியும் வேணாம், ஒரு எழவும் வேணாம்! கம்பளிய விடு, செத்துருவேன்!"

விட்டுட்டா.

ஆரோக்கியம் சன்னல் வழியா பெட்டியப் பாத்தாரு. அதுங்களுக்குக் கம்பளி அந்த மூடிதான்.

வெயில் நல்லா ஏறுனதும் ரெண்டு பேரும் வெளிய போனாங்க. அவ மூடியத் தூக்கி, கெட்டிச் சீனிக்கட்டி ஒண்ண வச்சு, சட்டுனு மூடி, கயித்தால கட்டுனா.

"பனி போயி பேரிக்கா பூக்கிற வரைக்கும் தெறக்காதீங்க."

"உசுரோட இருக்குன்னு எப்படித் தெரியும்?"

வெரல் முட்டியால பெட்டியில ரெண்டு தட்டு தட்டுனா. அவரு தலையப் புடிச்சு, அவரு காதப் பலகையில பதிய வச்சா.

உள்ள எங்கயோ, "ம்ம்ம்."

"போதுமா?"

"அதுங்களுக்குப் போதும்." அவரு குரல் எறங்கிருச்சு. "இதயும் மூடிட்டா, வீட்ல நான் மட்டுந்தான் தாயி."

அவ துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டா.

மறுநாளும் உறைபனி. கம்பளிக்குள்ள ஆரோக்கியம். வீட்ல ஒரு சத்தமில்ல.

வெளிச் செவுத்துல டொக், டொக்.

அப்புறம் ஒண்ணுமில்ல. யாரோ காத வச்சு நிக்கிறாப்ல இருந்துச்சு.

"ம்ம்ம்"னாரு ஆரோக்கியம்.

செருப்புச் சத்தம் மலையெறங்கிப் போச்சு.