வாய் திறவாச் சத்தியம்

அலைக்கு ஓயாத அசைவையும், கரைக்கு அசையாத பொறுமையையும், இரண்டுக்கும் இடையே பிழைப்போர்க்கு அன்றாடம் ஒரு கைப்பிடி மீனையும் வகுத்தருளிய நாராயணனின் திருவடிகளை முதற்கண் வணங்கி, இக்கதையைத் தொடங்குவோம்.

கழிமுகத்துக் கரையில் செம்மணல்திட்டு என்றொரு மீனவக் குப்பம் இருந்தது. அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. எல்லையம்மன் கோயில் முன்பாக ஊர் கூடி ஒரு காரியத்தைப் பேசும்போது, உடன்படுவோர் ஒவ்வொருவராகச் "சம்மதம்" என்று வாய்விட்டுச் சொல்வர். உடன்படாதவர் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. மணலைப் பார்த்தபடி அமர்ந்திருந்தாலே போதும். ஒரே ஒருவர் அப்படி இருந்தாலும் காரியம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஊர்த்தலைவரான நாட்டார் அவரைத் தனியே அழைத்துக் காரணம் கேட்டறிந்த பிறகே மேலே செல்வார்.

அவ்வூர்க் கழியில் இரசாயன ஆலை ஒன்று தன் கழிவுநீர்க் குழாயை இறக்க முனைந்தது. கழியில் கைவிட்டுத் துழாவி இறால் பிடித்தும், கரையில் மீனை ஏலம் எடுத்து விற்றும் பிள்ளைகளை வளர்த்த பெண்கள் வீட்டில், அக்குழாய் வந்தால் உலை கொதிக்காது. இதை முதலில் உணர்ந்து, வீடு வீடாக ஏறி இறங்கி ஊரைத் திரட்டியவள் மீன் விற்கும் அஞ்சலாட்சி. அவளோடு வெயிலில் அலைந்தவள் தையல்நாயகி. இருவரும் ஆண்டுக்கணக்காக ஒரே ஏலக் குவியலைக் கூட்டாக எடுத்து, பாதிப் பாதியாகக் கூடை நிரப்பி, ஒரே பேருந்தில் சந்தைக்குப் போகிறவர்கள்.

குழாய் குறித்து மக்களின் கருத்தைக் கேட்க அதிகாரிகள் வருவதாக அறிவிப்பு வந்தது. ஊர் கூடியது. முந்தைய போராட்டத்தில் கூச்சலிட்ட இளைஞர்கள்மேல் வழக்குகள் விழுந்ததை நாட்டார் வீரப்பத்திரன் மறக்கவில்லை.

"வாயத் தொறந்தாதானே கேஸு போடுவான்? எல்லாரும் போவோம், உக்காருவோம், ஒரு வார்த்தை பேச வேணாம். நம்ம ஊரு பேசாம இருந்தா என்ன அர்த்தம்னு அவனுக்கும் புரியட்டும்" என்றார்.

அஞ்சலாட்சிக்கு அது கம்பீரமாகவே பட்டது. "சம்மதம்" என்றாள். அருகிலிருந்த தையல்நாயகியும் "சம்மதம்" என்றாள். ஒருவர் பாக்கியின்றி எல்லாரும் சொல்லி முடித்த பிறகு கற்பூரம் ஏற்றப்பட்டது. மண்டபத்தில் வாய் திறப்பதில்லை என்று அம்மன்முன் சத்தியம் செய்தனர்.

குறித்த நாளில் கல்யாண மண்டபம் நிறைந்தது. அதிகாரி திட்டத்தைப் படித்து முடித்து, "ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்" என்றார். குப்பமே தரையைப் பார்த்தது. அவர் சற்றுக் காத்திருந்துவிட்டு, பக்கத்திலிருந்த எழுத்தரிடம், "யாருக்கும் ஆட்சேபணை இல்ல, மக்கள் ஏத்துக்கிட்டாங்கன்னு எழுதிக்குங்க" என்றார்.

அஞ்சலாட்சி சட்டெனத் திரும்பி நாட்டாரைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. உதடு மட்டும் பிரியவில்லை. தையல்நாயகியைப் பார்த்தாள். அந்த முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

அஞ்சலாட்சி எழுந்தாள். "எழுதாதீங்க ஐயா. எங்களுக்கு இது வேணாம். இந்தக் கழி செத்தா நாங்களும் செத்தோம். இப்ப நா சொல்றத எழுதுங்க."

எழுதினார்கள். ஒரு மறுப்பு பதிவாகிவிட்டதால், கழியை நேரில் ஆராய்ந்த பிறகே முடிவு என்று சொல்லி அதிகாரி எழுந்து போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் அஞ்சலாட்சி தோழியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தையலு, அவரு அப்படி எழுதச் சொன்னப்ப நீ மட்டும் ஏண்டி திடுக்கிடல?"

"போன வருசம் எங்க பெரியக்கா ஊர்லயும் இதே மாதிரி கூட்டம் நடந்துச்சுக்கா. நானும் போயிருந்தேன். அங்கயும் எல்லாரும் பேசாமதான் இருந்தாங்க. இப்படித்தான் எழுதிக்கிட்டுப் போனாங்க. இப்ப குழாயும் வந்துடுச்சு."

"இத நம்ம ஊர்க்கூட்டத்துல சொல்லியிருக்கலாமே."

"ஊரே ஒரு பக்கம் நிக்கிறப்ப நா ஒருத்தி எழுந்து எப்படிக்கா எதுத்துப் பேசுறது? 'வந்துட்டா பெரிய வக்கீலம்மா'ன்னு நாட்டாரு நக்கலடிப்பாரு. சத்தியம் பண்ணுன பொறவு மண்டபத்துலயும் பேச முடியாது. நா அம்மனுக்குப் பயந்தவ."

அஞ்சலாட்சி பிடித்திருந்த கையை விட்டாள். ஆலைமேல் அவளுக்குக் கோபம் இருந்தது, வலி இருந்ததில்லை. ஆலைக்காரன் அவளோடு ஒரே இலையில் சோறு தின்றவன் அல்லன்.

ஊர் மீண்டும் கூடியது. சத்தியத்தை மீறியவளை விலக்கி வைக்க, அவள் உட்பட எல்லாரும் "சம்மதம்" என்றனர். அக்குரல்களில் தையல்நாயகியின் குரலும் இருந்தது. மறுநாள் ஏலத்தில் அஞ்சலாட்சி கேட்ட விலை எவர் காதிலும் விழவில்லை. தையல்நாயகி வேறொருத்தியோடு கூட்டுச் சேர்ந்து, "அம்மனுக்குச் சொன்ன சொல்ல நா காப்பாத்திட்டேன்" என்றபடி கூடையைத் தூக்கினாள்.

வெறுங்கூடையுடன் நின்றவளிடம் நாட்டார் வந்தார். "நீ பேசுனதாலதான் கழி பொழைச்சு நிக்குது, எனக்குத் தெரியும்மா. ஆனா சத்தியம் சத்தியந்தானே."

"தண்டனைய நா வேணாங்கலையே மாமா" என்றாள் அவள். அவள் கண்கள் சந்தைக்குப் போகும் பேருந்தின் மேலேயே இருந்தன.

கேட்போரே, சொல்லுங்கள். அறியாமல் ஊரைச் சத்தியத்தில் கட்டியவர் நாட்டார், அதை உடைத்தவள் அஞ்சலாட்சி, காத்தவள் தையல்நாயகி. இம்மூவரில் கரைக்குத் துரோகம் செய்தவர் யார்?

விடை: தையல்நாயகியே. மண்டபத்தில் பேசாதிருந்தது அவள் குற்றம் அன்று. அதைக் குப்பம் முழுவதும் செய்தது. நாட்டாரின் பிழை அறியாமையில் பிறந்தது. அஞ்சலாட்சி சத்தியத்தை மீறினாள், அதற்கான தண்டனையையும் தலைமேல் ஏற்றாள். ஊரை எதிர்த்துப் பேசத் துணிவில்லை என்றாளே தையல்நாயகி, அவ்வூரில் மறுப்பதற்குப் பேச வேண்டிய தேவையே இல்லை. மணலைப் பார்த்துச் சும்மா அமர்ந்திருந்தால் கற்பூரம் ஏற்றப்பட்டே இராது. நாட்டாரே தனியே அழைத்துக் காரணம் கேட்டிருப்பார். அவள் அஞ்சி வாய் மூடியவள் அல்லள். விளைவை அறிந்திருந்தும் வாய் திறந்து "சம்மதம்" என்று சொன்னவள்.

இதைச் செவிமடுத்த யாவரும் நீடு வாழ்க. நம்பி அருகில் அமர்த்திக்கொண்டவரால் உங்கள் நெஞ்சு ஒருநாளும் புண்படாதவாறு எம்பெருமான் காத்தருள்வானாக.