பந்தி வாசலில் ஒரு பேரம்

துணி ஏற்றுமதிப் பேச்சுவார்த்தைக்கு அரசு அனுப்பிய அறவாழி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் மடத்துக்கு வந்தார். வயதில் மடத்துத் தலைவரான அடிகளுக்கு மூத்தவர். ஆனாலும் அவருக்குச் சீடர்.

"சாமி, நம் துணியை வாங்குகிற நாட்டில் ஆலைக்காரர்கள் தங்கள் சரக்கு விற்கவில்லை என்று கூச்சல் போடுகிறார்களாம். இனிமேல் பாதிதான் அனுப்ப வேண்டும் என்று அந்த நாட்டு அதிகாரிகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். தொண்டை வற்றப் பேசினேன். கால்வாசி குறைத்தால் போதும் என்று இறங்கி வந்துவிட்டார்கள். உம்மைப் போல் கெட்டிக்காரரைப் பார்த்ததில்லை என்று கையைக் குலுக்கினார்கள். நான் செய்தது சரிதானே?"

"கால்வாசித் தறி நின்றுபோகுமா?"

"நிற்கும்தான். பாதி நிற்காதே!"

"யார் தறி நிற்கும்?"

"அதை ஊரில் பார்த்துக்கொள்வார்கள் சாமி."

அன்னதான மணி அடித்தது. வெளியே ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

"அறவாழி, வாசலில் போய் நில்லும். இன்றைக்குப் பாதிப் பேருக்குத்தான் சோறு. மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிடும்."

அறவாழி பதறிப்போனார். "பாதிப் பேரா? வேண்டாம் சாமி. நாலு பேரில் ஒருவரை நிறுத்துகிறேனே."

"சரி. உமக்காக."

ஜெயித்த முகத்தோடு வாசலுக்குப் போனார். மூன்று பேரை உள்ளே விட்டார். அடுத்து வந்தவள் செல்லாயி, தறி ஓட்டுகிறவள். கையை நீட்டி மறித்தார்.

"உனக்கு இல்லையம்மா."

"ஏனுங்க, சோறு தீந்துபோச்சுங்களா?"

"தீரவில்லை."

"எலை இல்லீங்களா? கையில வாங்கிக்கிறனுங்க."

"இலையும் இருக்கிறது."

"அப்பறம் என்னங்க?"

"பேசி முடிவாகிவிட்டது."

"யாருகிட்டப் பேசுனீங்க? எங்கிட்ட ஒருத்தரும் பேசலையே!" அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அண்டாவில் சோறு ஆவி பறந்தது. "நல்லா இருக்குதுங்க உங்க நாயம்! வடிச்ச சோறு அங்க இருக்குது. பசிச்ச வயிறு இங்க நிக்குது. நடுவுல நீங்க எதுக்குங்க?"

நீட்டிய கை தானாக இறங்கியது. அவள் அவரைத் தாண்டிப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தாள். பின்னால் நின்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக உள்ளே போனார்கள். அறவாழி யாரையும் தடுக்கவில்லை.

அடிகளிடம் திரும்பி வந்தபோது அறவாழியின் முகம் சிவந்திருந்தது.

"என்ன அக்கிரமம் இது? அண்டா நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பசித்தவளைத் துரத்தச் சொல்கிறீர்களே! எந்த நியாயத்தில் சொன்னீர்கள்?"

"இதை முதலிலேயே கேட்பீர் என்றுதான் பார்த்தேன்" என்றார் அடிகள். "நான் பாதி என்று சொல்லி வாய் மூடுவதற்குள் நீர் பேரத்தில் இறங்கிவிட்டீர்."