இரண்டு பெரும்புள்ளிகள்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்கு விசித்திரமான ஆசை வந்தது. குன்றின் மேலிருக்கும் மண்டபத்துக்கு யானை மேல் உட்கார்ந்தபடியே போய்க் காற்று வாங்க வேண்டுமாம். உடனே அமைச்சர் தர்மசீலரும் தளபதி கண்டீரவரும் சேர்ந்து, அடிவாரத்திலிருந்து உச்சிவரை கல் பாவிய சாய்பாதை ஒன்றைப் போட்டார்கள். அவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான். சபையில் யாருடைய ஆசனம் ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்று இருவருக்கும் பத்து வருட இழுபறி.

ஆனால் பட்டத்து யானை அல்லி அந்தப் பாதையில் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டது. மூன்று நாள் முயன்றும் இதே கதைதான்.

"யானைக்குப் பிடிவாதம், மன்னா. மரம் இழுக்கக் காட்டுக்கு அனுப்பிவிடலாம்," என்றார் அமைச்சர்.

"பாதையில் குறையே இல்லை. நூல் பிடித்த மாதிரி நேராகப் போட்டிருக்கிறோம்," என்றார் தளபதி.

பாகன் உடையான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாலு முழம் முன்னே போனா ஒரு முழம் மேலே ஏறும் சாமி. அதுக்கு மேல செங்குத்தா இருந்தா அல்லி கால் வைக்காது."

விகடகவி கூத்தபிரானுக்கு அல்லி என்றால் உயிர். அவருக்குப் பொறுக்கவில்லை. "பாதையின் சரிவை அளந்து பார்த்துவிடலாமே, அரசே!"

"ஆயிரம் முழப் பாதை! விகடகவி உச்சிப்பொழுதுக்குள் அளந்து சொல்லட்டும். தவறினால் யானையோடு அவரும் போய் மரம் இழுக்கட்டும்," என்று அமைச்சர் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

"எனக்கு இரண்டே புள்ளி போதும், அரசே. ஆனால் சாதாரணப் புள்ளி ஆகாது. பெரும்புள்ளிகளாக வேண்டும்."

பெரும்புள்ளி என்றதும் அமைச்சரும் தளபதியும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

கூத்தபிரான் தளபதியைப் பாதையில் நிறுத்தி, ஒரு மூங்கிலை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். அமைச்சரைச் சற்று மேலே நிறுத்தினார். அமைச்சரின் காலடியிலிருந்து ஒரு கயிற்றை மட்டமாக இழுத்து மூங்கிலில் கட்டினார். கயிறு எட்டு முழம். மூங்கிலில் முடிச்சு விழுந்த இடம் தரையிலிருந்து நாலு முழம்.

"எட்டு முழத்துக்கு நாலு முழம் ஏற்றம், அரசே! அப்படியானால் நாலு முழத்துக்கு இரண்டு. அல்லியால் ஏற முடிவதைப் போல இரண்டு மடங்கு!"

"நான் கீழே நிற்பதா? அதனால்தான் கணக்கு தப்புகிறது!" என்று தளபதி குதித்தார். இருவரும் இடம் மாறினார்கள். அதே எட்டு, அதே நாலு.

"இந்த இடம் மட்டும் அப்படி இருக்கும்," என்றார் அமைச்சர். உச்சிக்குப் பக்கத்தில் போய், இன்னும் நெருங்கி நின்று அளந்தார்கள். கயிறு நாலு முழம், ஏற்றம் இரண்டு.

"நூல் பிடித்த மாதிரி நேர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நேரான பாதையில் எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் சரிவு ஒன்றுதான். யார் மேலே, யார் கீழே என்பது உங்கள் கவலை. பாதைக்கு அந்தக் கவலை கிடையாது," என்றார் கூத்தபிரான்.

பாதையின் தொடக்கத்தைக் குன்றிலிருந்து இன்னும் தள்ளிவைத்து, அதை இரண்டு மடங்கு நீளமாகப் போட ராஜா உத்தரவிட்டார். "உமக்கு என்ன வேண்டும், கூத்தபிரான்?"

"அல்லிக்கு ஒரு வண்டி கரும்பு. அப்புறம், இந்த இரண்டு புள்ளிகளையும் சபையில் ஒரே மட்டத்தில் உட்காரவையுங்கள். அங்கேயாவது சரிவு இல்லாமல் இருக்கட்டும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். பாதை முடிந்த அன்று அல்லி ஒரு காலை வைத்து நிதானித்தது, பிறகு திரும்பிப் பார்க்காமல் ஏறிப்போனது. இந்த முறை உடையான் விட்ட கண்ணீர் வேறு மாதிரியானது. கரும்பில் ஒரு துண்டுகூட விகடகவிக்கு மிஞ்சவில்லை.