வாயில்லாப் பூச்சி

இமயமலைச் சரிவில், ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு சிறிய தமிழ் மடம். அதன் குரு வாகீசுவரி அம்மையாருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் மாசிலாமணி அறுபதைத் தாண்டியவர். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணச் சமையல் செய்தவர். தொண்டைப் புற்றுநோயில் மனைவி செண்பகம் இறந்ததும் மலையேறி வந்துவிட்டார்.

வந்ததிலிருந்து ஒரே கேள்விதான்.

"பசியை எப்படித் தாயே ஜெயிக்கது?"

பதிலுக்குக் காத்திராமல் மாசிலாமணி தானாகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். கடைசியில் வெறும் தண்ணீர் என்றானது. நடந்தால் கண் இருட்டியது.

ஒரு நாள் காலை, முடியாமல் மரத்தடியில் சாய்ந்திருந்தார். பக்கத்து அடிமரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அந்துப்பூச்சி. பருந்துக்கு இருப்பதுபோல நீண்ட சிறகு. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தது. ஊருக்கெல்லாம் பரிமாறிய கை சும்மா இருக்குமா? மடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், ஒரு சொட்டுத் தேன் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தார்.

பூச்சி தொடவில்லை.

"அது சாப்பிடாது," என்றார் பின்னால் வந்து நின்ற அம்மையார். "குடிக்கிற வாய் அதுக்குக் கிடையாது."

"சாகுறவரைக்குமா?"

"சாகுறவரைக்கும்."

மாசிலாமணியின் முகம் தெளிந்தது. "இதைத்தான் தாயே கேட்டேன். பூச்சிக்கு வாய்ச்சது எனக்கு வாய்க்கலையே."

அம்மையார் மேலே கைகாட்டினார். "போன வருஷம் அந்தக் கிளையில ஓர் இலை மிச்சமில்லை. இதெல்லாம் பச்சைப் புழுவா இருந்து தின்னு தீர்த்தது. அந்தச் சாப்பாட்டுலதான் இப்ப பறக்குது."

மாசிலாமணி அந்தக் கிளையை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"கடைசியில செண்பகம் ஒரு வாய் கஞ்சிக்கு ஏங்கினா தாயே. இறங்கலை. அவ முழுங்காததை நான் எப்படி முழுங்குவேன்?"

அம்மையார் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உங்களைச் சாப்பிட வேண்டாம்னு சொன்னாங்களா?"

"ஐயோ, இல்லை. சாப்பிட்டீங்களான்னுதான் கேப்பா. பேச்சு நின்ன பெறகும் கையை வாய்கிட்ட கொண்டுபோய் ஜாடையில கேப்பா."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"சாப்பிட்டேன்னு பொய் சொல்லுவேன்."

அம்மையார் எழுந்து அவருக்குக் கை கொடுத்தார்.

"அந்தப் பொய்யை இன்னைக்காவது உண்மையாக்குங்க, ஐயா."