காலித் தொட்டிக்கு நாலு டிகிரி

பால் குளிரூட்டும் நிலையத்தில் தொட்டியின் சூட்டை மணிக்கொரு தரம் பார்த்து நோட்டில் எழுதுவது செண்பகவல்லியின் வேலை. அதற்கு வேட்டு வைக்க, டை கட்டிய விற்பனையாளர் ஒருவரைக் கூட்டி வந்தார் மேனேஜர்.

"நேற்று தொட்டியில் மாட்டிய சென்சார் சொல்வதை நொடி தவறாமல் பதியும் டேட்டாபேஸ் சார் இது!" என்றார் டைக்காரர்.

"இனிமே நீ எதுக்கும்மா?" என்றார் மேனேஜர்.

"சரிங்க சார். இப்ப பால் எத்தனை டிகிரி?"

டைக்காரர் திரையைத் தட்டினார். "நாலு! இந்த நொடிக் கணக்கு!"

செண்பகவல்லி மூடியைத் திறந்தாள். தொட்டியில் பொட்டுப் பால் இல்லை. கழுவுவதற்காக அவள் காலையிலேயே வயரோடு பிடுங்கிய சென்சார் ஆணியில் தொங்கியது.

"தகவல் வரலைன்னா... பழைய நம்பரையே காட்டும்," என்று இழுத்தார் டைக்காரர்.

"தெரியலைன்னா நான் நம்பர் எழுதாம கோடு போட்டுருவேன் சார்," என்று நோட்டை நீட்டினாள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கும் வந்துடும்மா. சாருக்கு ஒரு டீ."

"பாலில்லாத கட்டன் டீதான் சார். அவரு பால் திரையிலதானே இருக்கு!"