பச்சை வந்த ஃபைலும் எருமைக் குட்டையும்

நெட்டேரி என்ற ஊரை வரைபடத்தில் தேடிக் களைக்க வேண்டாம். ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பெயர்ப்பலகைதான் மாறிவிட்டது.

அந்த ஊர் ஏரியை நம்பி, நெட்டேரியையும் சேர்த்து ஐந்து ஊர்கள் பிழைக்கின்றன. மழைக்காலத்தில் ஏரி எப்போது நிரம்பும் என்று ஐந்து ஊரும் தனித்தனியே கணிக்க வேண்டும், எல்லாக் கணிப்பையும் கம்ப்யூட்டரில் சேர்த்துப் பொதுவாக ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்று மாவட்டத் தலைமை அலுவலகம் ஒரு கூட்டுத் திட்டம் போட்டது. நல்ல திட்டம். நெட்டேரியைச் சேர்த்ததைத் தவிர அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

கணிப்பு வருவதற்கு முன் ஓர் அமைப்பு ஃபைல் தயாராக வேண்டும். எத்தனை ஏரி, அவற்றின் பெயர் என்ன, தண்ணீர் எத்தனை அடி வரை ஏறலாம், மழை எவ்வளவு வரை பெய்யலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதற்குள் அடங்காத எண்ணைக் கம்ப்யூட்டர் வாங்காது. ஃபைல் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். சரியாக இருந்தால் திரை பச்சையாகும். தப்பென்றால் சிவப்பாகும்.

ஏரி நெட்டேரியில் இருந்ததால் ஃபைல் வேலையும் நெட்டேரி ஏரிக் குழுவின் தலையில் விழுந்தது. குழுவில் நால்வர். தலைவர் அருணகிரி எதையும் நீண்ட நேரம் யோசித்துத்தான் செய்வார். யோசித்ததற்கும் செய்ததற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில்லை. செயலாளர் தெய்வசிகாமணி சொன்ன சொல்லைத் தாண்டாதவர். உறுப்பினர் பட்டுசாமிக்குத் தோள்பலம் அதிகம். லோகநாயகி கம்ப்யூட்டர் முன் உட்காருபவள். ஒரே விரலால் அடித்தாலும் எழுத்துப்பிழை வராது.

லோகநாயகி ஒரு ஃபைல் அடித்தாள். சிவப்பு வந்தது. ஏழாவது வரியில் பிழை என்றது திரை.

தலைவர் தலைமை அலுவலகத்தில் இருந்த இன்பவல்லி மேடத்துக்குப் போன் போட்டார்.

“ஏழாவது வரியில பிழை இருக்கக்கூடாது சார். அதைப் பாருங்க” என்று மேடம் வைத்துவிட்டார்.

ஏழாவது வரியை எடுத்துவிட்டார்கள். எட்டாவது வரி ஏழாவதாக வந்து உட்கார்ந்தது. மறுபடி சிவப்பு, மறுபடி ஏழாவது வரி. அதையும் எடுத்தார்கள்.

“ஏழாம் இடத்துல சனி உட்கார்ந்திருக்கான் தலைவரே” என்றார் செயலாளர். “யாரைக் கொண்டுபோய் உட்கார வச்சாலும் கெடுத்துடுறான்.”

ஃபைலில் ஆறே வரி மிஞ்சியபோது ஏழாவது வரியில் பிழை இல்லை. ஃபைலே போதாது என்றது திரை. மறுபடி போன் பறந்தது.

மேடம் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. “வேற ஊர்ல செஞ்ச ஃபைல் ஒண்ணு மாதிரிக்கு அனுப்புறேன். போட்டுப் பாருங்க, பச்சை வரும். அப்புறம் ஊரும் ஃபைலும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துற மாதிரி மாத்திக்குங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, பச்சை வந்த ஃபைலைச் சும்மா சும்மா தொடாதீங்க.”

மாதிரி ஃபைல் வந்தது. போட்டார்கள். திரை பச்சைப் பசேலென்று ஆனது. பட்டுசாமி கற்பூரம் கொளுத்தினான். பிறகு குழு கூடியது.

“ஊரும் ஃபைலும் பொருந்தணும்னு மேடம் சொல்லியிருக்காங்க” என்றார் தலைவர்.

“ஃபைலைத் தொடக்கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க” என்றார் செயலாளர்.

“அப்ப மாத்துறதுக்கு மிச்சம் என்ன இருக்கு?” என்றாள் லோகநாயகி.

நால்வரும் ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்தார்கள்.

மாதிரி ஃபைலில் ஏரிக்கு ‘ஏரி ஒன்று’ என்று பெயர். மறுநாளே பெயிண்ட் டப்பாவோடு போய் ஏரிக்கரைப் பலகையில் நெட்டேரியை அழித்து ஏரி ஒன்று என்று எழுதினார்கள். பஸ் நிறுத்தத்திலும் எழுதினார்கள். கண்டக்டர்கள் “ஏரி ஒண்ணெல்லாம் எறங்கு” என்று கத்தப் பழகிக்கொண்டார்கள்.

ஃபைலில் மூன்று ஏரி இருந்தது. ஊரில் ஒன்றுதான். கோயில் குளத்தில் ‘ஏரி இரண்டு’ பலகை நட்டார்கள். மூன்றாவதுக்குத் தேடி அலைந்து, ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருந்த எருமைக் குட்டையில் ‘ஏரி மூன்று’ பலகையை நட்டார்கள். எருமைகள் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

இந்த நிலையில்தான் காத்தாயி வந்தாள். ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தவள். குஞ்சாக விட்டு வளர்த்த கெண்டையெல்லாம் கை நீளத்துக்கு வந்திருந்தது. தை மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். பந்தலும் பாத்திரமும் நகையும் அந்த ஏரிக்குள் நீந்திக்கொண்டிருந்தன.

ஏரி பன்னிரண்டு அடி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியே கீழே வழியும். அதற்குள் கலங்கல் வாயில் வலை கட்டாவிட்டால் மீன் அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். முன்கூட்டியே கட்டிவைத்தால் குப்பை அடைத்துக் கரை உடையும். ஆகவே குழு அறிவித்த பிறகுதான் வலை கட்டலாம் என்பது விதி.

“தலைவரே, எப்ப வழியும்னு உங்க பெட்டி சொல்லுதா? ஒரு நா முன்னாடி சொன்னாப் போதும். வலையைத் தூக்கிட்டு ஓடியாந்துடுவேன்.”

“வழியாதும்மா” என்றார் தலைவர். “ஏரி ஒண்ணுல பத்தடிக்கு மேல தண்ணி ஏறாது.”

“யாரு சொன்னா?”

“ஃபைல்ல பத்தடி வரைக்கும்தான் இடம் இருக்கு.”

“போன ஐப்பசியில பன்னெண்டு அடி ஏறி வழிஞ்சுதே. நீங்கதான வேட்டிய மடிச்சுக் கட்டிட்டுப் பார்க்க வந்தீங்க?”

“அப்ப ஃபைல் இல்லைம்மா” என்றார் தலைவர் பொறுமையாக.

மழை பிடித்தது. முதல் நாளே மழைமானியில் நூற்று நாற்பது மில்லிமீட்டர். ஃபைலில் நூறு வரைதான் அனுமதி. லோகநாயகி அடித்துப் பார்த்தாள். சிவப்பு.

“மேல இருக்கிற நாற்பதை ஊத்திடுவோம்” என்றான் பட்டுசாமி.

“பெய்த மழையைக் கீழே ஊத்துறது பாவம்டா” என்றார் செயலாளர். “ஒரு சொம்புல பிடிச்சு வை. வெயில் அடிக்கிற நாள்ல திருப்பி ஊத்திக் கணக்கை நேர் பண்ணிடலாம்.”

அப்படியே செய்தார்கள். மற்ற நான்கு ஊர்க் கணிப்பாளர்களும் படித்தவர்கள். வெயில் காயும் நாளில் நெட்டேரியில் மட்டும் நாற்பது மில்லிமீட்டர் மழை பெய்வதைக் கண்டு வியந்தார்கள். அதைவிட வியப்பு ஏரி மூன்று. தினமும் காலையில் மேய்ச்சலுக்குப் பின் எருமைகள் குட்டையில் இறங்கும்போது தண்ணீர் அரையடி ஏறும். மாலையில் அவை கரையேறினால் இறங்கும். செயலாளர் ஒருநாளும் தவறாமல் அளந்து அனுப்பினார். ஏரி மூன்றில் கடல்போல் ஓதம் ஏறி இறங்குகிறது என்று ஓர் ஊர் கணித்தது. நிலாவால் வருகிறது என்றது இன்னோர் ஊர். இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. ஆனாலும் காலையில் அரையடி ஏறும் என்பதில் ஐந்து ஊரும் ஒன்றுபட்டன. திட்டத்தில் அதுவரை பலித்த ஒரே கணிப்பு அதுதான்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஏரிக்குள் நிற்கும் அளவுக்கல்லில் தண்ணீர் பதினோரு அடியைத் தொட்டது. சிவப்பு. குழு குடையோடு கரையில் கூடியது.

“பதினொண்ணுன்னு அடிச்சா வாங்க மாட்டேங்குது தலைவரே” என்றாள் லோகநாயகி.

“தண்ணியைக் குறைக்க முடியுமா பட்டுசாமி?”

“சொம்பு பத்தாது தலைவரே.”

செயலாளர் கண்ணை மூடி யோசித்தார். “தண்ணி தப்பு பண்ணலை. கல்லுதான் பள்ளத்துல நின்னுக்கிட்டு அதிகமாக் காட்டுது. மேட்டுல நின்னா ஏன் அதிகமாக் காட்டப்போகுது?”

பட்டுசாமி தண்ணீரில் குதித்து, மூச்சுப் பிடித்து அளவுக்கல்லைப் பிடுங்கி, கரையோர மேட்டில் கொண்டுவந்து நட்டான். ஒன்பது அடி. பச்சை. நால்வரும் ஈரத்தோடு கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை காத்தாயி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். “தண்ணி கலங்கல் வாயத் தொட்டுருச்சு! வலை கட்ட உத்தரவு குடுங்க!”

“கல்லைப் பாரு, பத்துதான்.”

“கல்லு கரையில நிக்குது! நீங்களும் அது பக்கத்துல நிக்கிறீங்க. ரெண்டுல எது கல்லுன்னுதான் எனக்குத் தெரியல!”

அவள் தலைவரின் போனைப் பிடுங்கி மேடத்திடம் பேசினாள். “அம்மா, ஏரி வழியப்போகுதும்மா. வலை கட்டலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“ஒரு நிமிஷம்மா” என்றார் மேடம். தட்டும் சத்தம் கேட்டது. “இங்க எல்லாம் பச்சையாத்தானே இருக்கு?”

போன் அவள் கையில் இருக்கும்போதே ஏரி வழிந்தது. கெண்டைகள் வெயில் பட்ட வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கலங்கலைத் தாண்டின. காத்தாயி தலையில் அடித்துக்கொண்டு தண்ணீரின் பின்னாலேயே ஓடினாள். குழுவும் ஓடியது, எதற்கென்று தெரியாமல்.

தண்ணீருக்கு ஃபைல் தெரியாது, பள்ளம் தெரியும். நேராக எருமைக் குட்டையில் போய் நின்றது. மீன் அத்தனையும் குட்டைக்குள். எருமைகளின் முதுகுக்கும் முதுகுக்கும் நடுவே கெண்டைகள் துள்ளின.

காத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

“நில்லும்மா!” என்றார் செயலாளர். “உன் குத்தகை ஏரி ஒண்ணுக்கு. இது ஏரி மூணு. இதுல கைவைக்க உனக்குப் பாத்தியதை இல்லை.”

“மீனு என்னுது!”

“மீனுக்குப் பேர் எழுதியிருக்கா?”

காத்தாயி அவரை ஒருமுறை பார்த்தாள். பலகையை ஒருமுறை பார்த்தாள்.

“ஏன் செயலாளரே, ஏரிக்குப் பேரு எதுல இருக்கு? தண்ணியிலயா, பலகையிலயா?”

“பலகையிலதான்.”

“அப்ப அங்க இருக்கிற பலகையப் பிடுங்கி இங்க நடுங்க. இத அங்க நடுங்க. ஃபைல யாராவது தொடுறமா?”

குழு குட்டைக்கரையிலேயே கூடியது. ஃபைலில் மூன்று ஏரி. பலகை மாற்றிய பிறகும் மூன்று ஏரி. பெயர் மூன்றும் அப்படியே இருக்கும். லோகநாயகி ஓடிப்போய்ச் சரிபார்த்து வந்து, “பச்சை” என்றாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பட்டுசாமி இரண்டு பலகைகளையும் தோளில் சுமந்து இடம் மாற்றினான்.

சாயங்காலத்துக்குள் காத்தாயி ஏரி ஒன்றில் இருந்த மீன் முழுவதையும் கூடை கூடையாக அள்ளிவிட்டாள். வலைகூடத் தேவைப்படவில்லை. எருமை மடக்கிக் கொடுத்தது. போகும்போது குழுவுக்கு ஆளுக்கு ஒரு மீன் கொடுத்தாள். கல்யாணத்துக்கு வரச் சொன்னாள், “பந்தலுக்குப் பலகை மட்டும் எழுதிறாதீங்க” என்றாள்.

இத்தோடு எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். மறுநாள் காலை மேடம் போன் செய்தார்.

“சார், ஏரி மூணு காலையில அரையடி ஏறும்னு ஐந்து ஊரும் கணிச்சிருக்கு. தினமும் சரியா வரும். இன்னைக்கு ஏறவே இல்லையே? கணிப்பு தப்பா, ஏரி தப்பா?”

“கணிப்பு பச்சை வந்ததுதானே மேடம்?”

“ஆமா.”

“அப்ப ஏரிதான் தப்பு. பார்த்துக்குறோம்.”

நால்வரும் பெரிய ஏரிக்குப் போனார்கள். ‘ஏரி மூன்று’ என்ற பலகையின் கீழே கடல்போல் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

“கல்லை அரையடி இறக்கி நட்டா முடிஞ்சுது” என்றான் பட்டுசாமி.

“சீ! அது மோசடி” என்றார் செயலாளர். “ஏரி மூணு எதனால ஏறுச்சோ அதனாலதான் ஏறணும்.”

ஊர் எருமைகளை எல்லாம் ஓட்டிவந்து இறக்கினார்கள். அளவுக்கல்லில் ஒரு மயிரிழை கூட ஏறவில்லை. தலைவர் நீண்ட நேரம் யோசித்தார்.

“கூட்டுத் திட்டம்தானே? நாம மட்டும் ஏன் சுமக்கணும்?”

மற்ற நான்கு ஊருக்கும் ஆள் போனது. கணிப்பைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு தங்களுக்கும் உண்டு என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஓதம் என்றவரும் நிலா என்றவரும் பகையை மறந்து ஆளுக்கொரு கூட்டத்தை ஓட்டி வந்தார்கள். சாலை கறுத்தது. பஸ் நின்றது. எருமைகள் வரிசையாக இறங்க, கல்லில் தண்ணீர் மெல்ல ஏறியது.

“எவ்வளவு?” என்று கரையிலிருந்து கேட்டார் தலைவர்.

“அரையடிக்கு ஒரு விரல்கடை குறையுது!” என்று கத்தினாள் லோகநாயகி.

எருமை தீர்ந்துவிட்டது. தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பட்டுசாமியைப் பார்த்தார். தலைவர் குடையை மடக்கிக் கரையில் வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், இரண்டு எருமைகளுக்கு நடுவில் இடம் பார்த்து இறங்கினார்.

“இப்ப?”