நான்கு யானைக் காவல்

மருதங்காட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி செத்துக் கிடந்தது.

ஆள்காட்டியைத் தெரியாத மிருகம் அந்தக் காட்டில் இல்லை. வேட்டைக்காரன் வந்தாலும் வேங்கை வந்தாலும் முதலில் கத்துவது அதுதான். அது கத்தினால் நடக்கிறவை நிற்கும், மேய்கிறவை தலைதூக்கும். அந்தக் குரலால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ. அப்படிப்பட்ட பறவையின் பேடை, ஆற்றங்கரைச் சரளைக்கல் நடுவே தன் கூட்டின்மேல் செத்துக் கிடந்தது. அது அடைகாத்த நான்கு முட்டைகளையும் காணவில்லை.

அருகில் கோணையன் என்ற கழுதைப்புலி நின்றுகொண்டிருந்தான். அவன் மூக்கில் ஓர் இறகு ஒட்டியிருந்தது.

பேடையின் துணை நெடுங்காலன் இரை தேடிவிட்டுத் திரும்பியபோது கண்டது இதைத்தான். அவன் போட்ட கூச்சலில் காடே கூடிவிட்டது.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. பசிக்குக் கொன்றால் அது வேட்டை. பசியில்லாமல் கொன்றால் அது கொலை. பேடையின் உடலை யாரும் தின்னவில்லை. ஆகவே இது கொலை என்றார்கள். கோணையனை யாருக்குமே பிடிக்காது. அதனால் அப்படிச் சொல்வது சுலபமாகவும் இருந்தது.

வழக்கைக் கேட்க வயதான ஆமை வந்தது. ஆமைக்கு இரண்டு முறைகள் உண்டு. சபையில் எல்லார் முன்னும் சொன்னதே சொல். தனியே சொன்னது சொல்லல்ல. இது ஒன்று. சபையில் சத்தம் எழுந்தால் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். தலை உள்ளே போனால் அன்றைய விசாரணை முடிந்தது. இது மற்றொன்று.

ஒரு மருத மரத்தடியில் கோணையனை உட்கார வைத்தார்கள். அவனைச் சுற்றி நான்கு திசைக்கும் நான்கு யானைகள் காவல் நின்றன. காவல் நிற்கிறவர்கள் அவனோடு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

முதல் நாள் ஆமை கேட்டது: "கோணையா, நடந்ததைச் சொல்."

கோணையன் எழுந்தான். "ஐயா, அந்த முட்டை..."

"பார்த்தீர்களா! முட்டையையும் தின்றிருக்கிறான்! தன் வாயாலேயே சொல்கிறான்!" என்று மரத்தின்மேல் இருந்த மந்தி கத்தியது.

"கொல்லுங்கள் அவனை!" என்றது காட்டுப்பன்றி.

சபை முழுவதும் கூச்சல். ஆமையின் தலை உள்ளே போய்விட்டது.

இரண்டாம் நாளும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் நாளும் அப்படியே. கோணையன் வாயைத் திறப்பான். யாராவது ஒருவர் கத்துவார். நூறு பேர் சேர்ந்துகொள்வார்கள். ஆமை தலையை இழுத்துக்கொள்ளும்.

அது கோடைக்காலம். ஆறு வற்றி மணலாகக் கிடந்தது. ஒவ்வொரு கோடையிலும் யானைகள்தான் மணலைத் தோண்டி ஊற்று எடுக்கும். யானை குடித்த பிறகு மான் குடிக்கும். மான் குடித்த பிறகு முயல் குடிக்கும். அந்தக் காட்டில் இருந்ததே நான்கு யானைகள். நான்கும் இப்போது காவலில் நின்றன. பழைய ஊற்றுகளில் மணல் சரிந்து மூடிக்கொண்டது. தண்ணீர் வேண்டுமானால் இரண்டு மலை தாண்டிப் பாறைக்குட்டைக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் நாள் காட்டின் பேச்சே மாறியது. செத்த பேடையைப் பற்றி யாரும் பேசவில்லை. யானைகளைப் பற்றித்தான் பேசினார்கள்.

"ஒரு கழுதைப்புலிக்கு நான்கு யானைக் காவலா? அவன் என்ன ராஜாவா?" என்றது மந்தி.

"அவன் பின்னங்கால் நொண்டி. ஓட நினைத்தாலும் ஓட முடியாது. ஓர் ஆட்டுக்குட்டியைக் காவல் வைத்தால் போதும்!" என்றது முள்ளம்பன்றி.

"நீதிபதியும் ஆமை. விசாரணையும் ஆமை!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

காட்டுப்பன்றி மட்டும் சிரிக்கவில்லை. அதற்கு ஏழு குட்டிகள். ஏழும் நாக்கு வறண்டு நிழலில் கிடந்தன. அது நேராக மூத்த யானையிடம் போனது.

"யானையக்கா, என் குட்டிகளை வந்து பாருங்கள். கத்தக்கூடத் தெம்பில்லை. ஒரு கொலைகாரனைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். என் பிள்ளைகளை யார் பத்திரமாக வைத்திருப்பது?"

மூத்த யானையின் தொண்டையும் வறண்டுதான் இருந்தது.

"உன் வருத்தம் நியாயம் தம்பி. ஆனால் இந்தக் காவலை நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய்."

"எதில் தப்பு? அவன் ஓடிப்போகாமல் இருக்கத்தானே காவல்?"

"அதற்கு அந்த நொண்டிக் காலே போதும். நீங்கள் ஓடிவராமல் இருக்கத்தான் நான்கு யானை."

பன்றிக்குக் கோபம் வந்தது. "எங்களைக் கண்டா பயம்? குற்றம் செய்தவனை விட்டுவிட்டு ஊராரைக் குற்றவாளி ஆக்குகிறீர்களா?" என்று உறுமிவிட்டுத் திரும்பியது.

அன்று முதல் சபையில் இன்னும் பெரிய கூச்சல். "யானைகளை விடு! தண்ணீரை விடு!" என்று தினமும் கத்தினார்கள். விசாரணை ஏன் நீளுகிறது என்று கேட்டும் கத்தினார்கள். அப்படிக் கத்தியதாலேயே ஆமையின் தலை உள்ளே போனது. அந்தக் கத்தலே விசாரணையை நீட்டியது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

நெடுங்காலன் தினமும் சபைக்கு வந்தான். ஒரு கல்லின்மேல் ஒற்றைக் காலில் நிற்பான். பேசமாட்டான். பேடை செத்த நாளிலிருந்து அவன் ஒரு முறைகூடக் கத்தவில்லை. அந்தச் சரளைக்கல் மேட்டுக்கும் அவன் திரும்பப் போகவில்லை.

மந்தி ஒருநாள் அவனிடம் இறங்கி வந்தது. "கவலைப்படாதே அண்ணே. உனக்காகத்தான் இவ்வளவும் கத்துகிறோம். இன்றோ நாளையோ அவனை முடித்துவிடுவோம்."

"முடித்துவிட்டால்?" என்று கேட்டான் நெடுங்காலன்.

"உன் மனம் ஆறும்."

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மந்தி. அவளுக்குச் சிறகு இருந்தது. ஆபத்து வந்தால் பறக்கத் தெரியும். ஏன் பறக்கவில்லை? அதை அறிந்தவன் இவன் ஒருவன்தான். நீங்கள் இவனை முடித்துவிட்டால் அதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?"

மந்தி தலையைச் சொறிந்துகொண்டே மரத்தில் ஏறிவிட்டது.

எட்டாம் நாள் பன்றியின் குட்டிகளில் ஒன்று மயங்கி விழுந்தது. மூத்த யானைக்குப் பொறுக்கவில்லை. ஆமையைக் கேட்கலாம் என்றால் அதன் தலை உள்ளே இருந்தது. "நீங்கள் மூவரும் போய் ஊற்றுத் தோண்டுங்கள். நான் ஒருத்தி இங்கே நிற்கிறேன்" என்று மற்ற மூன்று யானைகளையும் அனுப்பியது.

ஊற்று பொங்கியது. மிருகங்கள் வயிறு நிறையக் குடித்தன. மயங்கிய குட்டி எழுந்து நின்றது.

ஊற்று மறுபடி மூடிவிடாமல் இருக்க மூன்று யானைகளும் ஆற்றிலேயே நின்றன. ஒன்பதாம் நாள் காலை எல்லாரும் தெம்பாக வந்தார்கள். தாகம் தீர்ந்தால் கோபமும் தீரும் என்று மூத்த யானை நினைத்திருந்தது. அப்படி ஆகவில்லை.

"ஒரே ஒரு யானை!" என்று மந்தி மேலிருந்து கூவியது. "மூன்று பக்கம் திறந்து கிடக்கிறது! என்ன பார்க்கிறீர்கள்?"

பன்றி தரையைக் கிளறியது. அதன் பின்னால் முள்ளம்பன்றியும் காட்டெருமைகளும் நெருங்கின. மூத்த யானை வடக்கே திரும்பினால் தெற்கே நெருங்கினார்கள். தெற்கே திரும்பினால் மேற்கே நெருங்கினார்கள். கோணையன் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினான். பன்றி தலையைத் தாழ்த்திப் பாய்ந்தது.

அப்போது ஆள்காட்டியின் குரல் கேட்டது.

ஒன்பது நாளாகக் கேட்காத குரல். மந்தி கிளையைப் பிடித்துக்கொண்டு உறைந்தது. காட்டெருமைகள் நின்றன. பாய்ந்து வந்த பன்றியின் கால்கள் அதன் அனுமதி கேளாமலேயே நின்றன. பிறந்த நாள் முதல் பழகிய பழக்கம் அது.

"எங்கே? எங்கே ஆபத்து?" என்று எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

நெடுங்காலன் கோணையனின் முதுகின்மேல் நின்றுகொண்டிருந்தான்.

"வேறெங்கும் தேட வேண்டாம். உங்களைப் பார்த்துத்தான் கத்தினேன்" என்றான்.

"உங்களில் யாருக்குப் பசி?" என்று கேட்டான் அவன். "பன்றியண்ணே, உங்களுக்குப் பசியா? இவனைக் கொன்று தின்னப் போகிறீர்களா? காட்டெருமையாரே, நீங்கள் தின்பீர்களா?"

"சேச்சே! கழுதைப்புலியை யார் தின்பார்கள்?" என்றது காட்டெருமை.

"அப்படியானால் இது வேட்டையில்லை. இதற்கு நம் காட்டில் என்ன பெயர்?"

பன்றி தலையைக் குனிந்துகொண்டது. காற்றில் இலை அசையும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில் ஆமையின் தலை மெதுவாக வெளியே வந்தது.

"கோணையா, சொல்" என்றது ஆமை.

கோணையன் நடுக்கம் தீராமலே பேசினான்.

"ஏதாவது செத்துக் கிடக்கும் என்று போனேன் ஐயா. செத்ததைத் தின்கிறவன் நான், மறைக்கவில்லை. ஆனால் அந்த அம்மா அப்போது சாகவில்லை. கூட்டின்மேல் கிடந்தது. நாகப்பாம்பு வந்ததாம். மூன்று முட்டையை விழுங்கிவிட்டதாம். நான்காவதை விடமாட்டேன் என்று இது மேலே படுத்துக்கொண்டதாம். பாம்பு கழுத்தில் கொத்திவிட்டுப் போயிருக்கிறது."

"பொய்!" என்று மந்தி ஆரம்பித்தது. பன்றி நிமிர்ந்து பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டது.

"நெடுங்காலா, கழுத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டது ஆமை.

"பார்த்தேன். இரண்டு பொட்டு ரத்தம் இருந்தது. இவன் பல் என்று நினைத்தேன்."

"எலும்பை மாவாக்கும் வாய் இவனுடையது. இவன் பல் பட்டிருந்தால் உனக்குப் பார்க்கக் கழுத்தே இருந்திருக்காது" என்றது ஆமை. "மேலே சொல், கோணையா."

"'பாம்பு திரும்பி வரும், முட்டையை அந்தப் பாறை இடுக்கில் தள்ளிவிடு, என் வீட்டுக்காரர் வந்தால் சொல்லு' என்று கேட்டது. மூக்கால் உருட்டித் தள்ளினேன். அப்போதுதான் இறகு ஒட்டியது. திரும்பிப் பார்த்தால் உயிர் போய்விட்டது. அதற்குள் இவர் வந்து கத்தினார். எல்லாரும் சூழ்ந்துகொண்டீர்கள். முதல் நாளே சொல்ல வந்தேன் ஐயா. முட்டை என்றேன். அதற்கு மேல் யாரும் விடவில்லை."

அவன் நெடுங்காலனைப் பார்த்தான். "தள்ளும்போது உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது."

நெடுங்காலன் பறந்தான். எல்லாரும் பின்னால் ஓடினார்கள்.

பாறை இடுக்கில் முட்டை இருந்தது. ஆள்காட்டியின் முட்டைக்குக் கல்லின் நிறம். தெரிந்து தேடினால்தான் தெரியும். ஓட்டில் கடுகளவு ஒரு துளை இருந்தது. உள்ளிருந்த குஞ்சு கொத்திய துளை. நெடுங்காலன் அதன்மேல் காதை வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான்.

உள்ளே சத்தமில்லை.

ஆமை மெல்ல நடந்து வந்து சேர்ந்தது. "பசிக்கு வந்தது பாம்பு. பிள்ளைக்காக நகர மறுத்தவள் தாய். இதில் கொலை இல்லை. கோணையன் போகலாம்" என்றது.

கோணையன் நொண்டிக்கொண்டே புதருக்குள் போனான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

மந்தி முணுமுணுத்தது. "கொலையே இல்லையாம். அப்படியானால் ஒன்பது நாள் தாகமும் வீண்தானே?"

காட்டுப்பன்றி நெடுங்காலன் அருகில் போய் நின்றது.

"தம்பி, முதல் நாள் நான் கத்தாமல் இருந்திருந்தால்..." என்று ஆரம்பித்தது.

நெடுங்காலன் திரும்பிப் பார்க்கவில்லை. "அவள் ஏன் பறக்கவில்லை என்று தெரிந்துவிட்டது அண்ணே" என்று மட்டும் சொன்னான். பிறகு இறகை விரித்து அந்த முட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூத்த யானை வந்து அவன்மேல் நிழல் விழும்படி நின்றது.

விசாரணைக்கு ஆகும் செலவை எண்ணுகிறவர்கள், விசாரிக்க விடாமல் போனால் ஆகும் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.